ஆயிரத்தில் ஒரு பங்கு

ஈயத்தில் வார்த்த குண்டு, அது போக வேண்டிய குழலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். முதல் தடவை கேட்கும்போது யாருக்கும் இது தலைகீழாகத்தான் படும். குழாய்க்குள் போகிற எதுவும் குழாயைவிடச் சிறியதாகத்தானே இருக்கணும்?

.38 ஸ்பெஷல் தோட்டாவுக்கான ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். அதன் குழலின் உட்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டைச் சுழலவைத்து நேராக அனுப்புவது அந்தப் பள்ளங்கள்தான். பள்ளத்திலிருந்து எதிர்ப்பள்ளம் வரை அளந்தால் 0.357 அங்குலம். அதற்கான வார்ப்புக் குண்டின் விட்டம் 0.358. (பெயரில் 38 இருக்கிறதே என்று கேட்காதீர்கள். துப்பாக்கிப் பெயர்களில் இப்படிப் பழைய பொய்கள் நிறைய உண்டு.) வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 25.4 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு போல.

அந்த இத்தனூண்டு எதற்கு? மருந்து வெடித்ததும் பின்னாலிருந்து வாயு தள்ளும். குண்டு குழலைவிடச் சின்னதாக இருந்தால் பக்கவாட்டில் இடைவெளி விழும். சூடான வாயு அந்த இடுக்கில் பீறிட்டு ஈயத்தை அரித்துக்கொண்டு போய்க் குழலின் சுவரில் அப்பிவிடும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘லெடிங்’. ஈயம் அப்பிய குழலில் குறி தப்பும், சுரண்டி எடுப்பதற்குள் கை வலிக்கும். சற்றே பெரிய குண்டு என்றால் குழலே அதைப் பிதுக்கி, இடுக்கில்லாமல் அடைத்துக்கொள்ளும். ஈயம் மெத்தென்றிருப்பதால் இது முடிகிறது. அதற்காக ரொம்பப் பெரிதாகவும் இருக்கக் கூடாது. அறைக்குள் நுழையாது, அழுத்தமும் ஏறும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஓஹையோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டியவர். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் டூல் அண்ட் டை மேக்கராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம், பெரியவர் என்றே சொல்லிக்கொள்கிறேன். நான் பகலெல்லாம் திரையில் கோடு எழுதுகிறவன். பத்து வருஷம் எழுதியும் கையால் தொட்டுக் காட்ட ஒரு பொருள் கிடையாது. பொறியியல் முதல் வருஷத்தில் ஃபிட்டிங் லேபில் இரண்டு இரும்புத் துண்டை ‘வி’ வடிவத்தில் அரம் போட்டு அரம் போட்டுப் பொருத்தினோமே, என் வாழ்க்கையில் நான் செய்த கடைசி நிஜப் பொருள் அதுதான். அதனால் பெரியவரின் கராஜ் கதவு திறந்திருந்தால் என் கால் தானாக அந்தப் பக்கம் போகும்.

*

வீட்டில் குண்டு வார்ப்பது அமெரிக்காவில் பழைய பழக்கம், சட்டப்படியும் அனுமதி உண்டு. தேவையானவை கொஞ்சம்தான்: ஒரு மின் உலை, ஒரு அச்சு, ஈயம், பொறுமை. கிடைப்பதற்குக் கஷ்டம் ஈயம்தான்.

ஒரு காலத்தில் கார் சக்கரத்தின் விளிம்பில் மாட்டும் எடைத் துண்டுகளை டயர் கடைக்காரர்கள் வாளி வாளியாகச் சும்மா கொடுத்தார்களாம். ஈயத்தோடு கொஞ்சம் ஆண்டிமனியும் துளி வெள்ளீயமும் கலந்த உலோகம், குண்டுக்கு வாகானது. இப்போது பல மாநிலங்களில் ஈய எடைகளுக்குத் தடை. வாளியில் பாதிக்கு மேல் இரும்பும் துத்தநாகமும். துத்தநாகம் உலையில் கலந்தால் மொத்தமும் பாழ். அச்சில் சரியாக நிரம்பாது. ஆனால் ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் உருக 419 வேண்டும். அதனால் பெரியவர் உலையை இரண்டுக்கும் நடுவிலேயே வைத்திருப்பார். ஈயம் உருகிவிடும், துத்தநாகத் துண்டுகள் முழுசாக மேலே மிதக்கும். கரண்டியால் வழித்துப் போட்டுவிடலாம்.

அலமாரியின் மேல்தட்டில் தனியாக ஒரு பெட்டி. அதில் லைனோடைப் கட்டைகள். மூடிப்போன உள்ளூர்ச் செய்தித்தாள் அச்சகம் ஒன்றிலிருந்து வாங்கியவை. 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் ஓடத் தொடங்கிய இயந்திரம் லைனோடைப். தட்டச்சு செய்தால் ஒரு முழு வரியையும் ஒரே ஈயக் கட்டையாக வார்த்துத் தரும். நியூயார்க் டைம்ஸ் அதைக் கைவிட்டது 1978இல். அந்த உலோகத்தில் 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆண்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். கடினமானது. சுத்த ஈயத்தின் பிரினெல் கடினம் 5 என்றால், இதற்கு 22. மெத்தென்ற ஈயத்தோடு கொஞ்சம் சேர்த்தால் குண்டு விறைப்பாகும். ஒரு கட்டையை விளக்குக்கு நேரே பிடித்து, இடவலம் மாறிய எழுத்துகளை வாசித்தேன். யாருடைய வீட்டுக் கல்யாணச் செய்தியோ. அடுத்த வாரம் போனபோது அந்தக் கட்டை பெட்டியில் இல்லை.

வார்த்துக் குளிர்ந்த குண்டு வெள்ளி மாதிரி மின்னும். ஆனால் அப்படியே சுட முடியாது. ஈயத்துக்கும் இரும்புக் குழலுக்கும் நடுவில் ஏதாவது இருந்தாக வேண்டும். தொழிற்சாலைக் குண்டுகளுக்குச் செம்பில் சட்டை போடுகிறார்கள். வீட்டில் வார்க்கிறவர்கள் ரொம்ப காலமாகக் குண்டின் இடுப்பில் வரிவரியாகப் பள்ளம் விட்டு, அதில் தேன்மெழுகும் மசகும் கலந்த கலவையை அடைத்துவந்தார்கள். வேலை செய்யும். ஆனால் ஒட்டும், ஒவ்வொரு சூட்டுக்கும் புகை கிளம்பும்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் பவுடர் கோட்டிங். நம்ம ஊர் ஜன்னல் கிரில்லுக்கும் ஸ்டீல் பீரோவுக்கும் அடிக்கிறார்களே, அதே பொடி. குண்டுக்கு ஸ்ப்ரே கன்கூட வேண்டாம். அடியில் 5 என்று எண் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் குண்டுகளைப் போட்டு, கொஞ்சம் பொடி தூவி, விளையாட்டுத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மணிகளையும் ஒரு கைப்பிடி சேர்த்து, மூடி போட்டு ஒரு நிமிஷம் குலுக்க வேண்டும். உரசலில் நிலைமின்சாரம் உண்டாகிப் பொடி தானாகக் குண்டில் ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தின் வறண்ட காற்றில் நன்றாக ஒட்டும். மழைநாளில் பெரியவர் டப்பாவைத் தொடவே மாட்டார். ஒட்டியதும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் நிறுத்தி, இதற்கென்றே ஒதுக்கிய பழைய டோஸ்டர் ஓவனில் 200 டிகிரியில் இருபது நிமிஷம். பொடி உருகி, ஓடி, இறுகி, ஒரே தோலாகிவிடும். பெரியவருக்குப் பிடித்த நிறம் சிவப்பு. தட்டில் வரிசையாக நிற்கும்போது ஏதோ தின்பண்டம் மாதிரி இருக்கும்.

தோல் சரியாக வெந்ததா என்று பார்க்க ஒன்றை எடுத்துப் பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. குண்டு நசுங்கி அப்பளமாகும். பூச்சு பொருக்குத் தட்டக் கூடாது, ஈயத்தோடு சேர்ந்தே விரிய வேண்டும். உதிர்ந்தால் மொத்தத் தட்டும் திரும்ப அடுப்புக்கு.

பூச்சு ஏறியதும் குண்டு பருத்துவிடும். விட்டத்தில் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ கூடும். அதனால்தான் கடைசி வேலை, அளவுக்குக் கொண்டுவருவது. 0.358 துளையிட்ட எஃகு டையைப் பிரஸ்ஸில் மாட்டி, குண்டை ஒரு முனையில் வைத்துக் கைப்பிடியை இழுத்தால் மறுமுனையில் வந்து விழும். உள்ளே போனவற்றில் கொஞ்சம் பெரியது, கொஞ்சம் கோணல், பூச்சு தடித்தது என்று பல ரகம். வெளியே வருவது எல்லாம் ஒரே ரகம். கைப்பிடியை இழுக்கும்போது ஈயம் அடங்கிப் போவது உள்ளங்கையில் தெரியும். பெரியவர் பத்துக்கு ஒன்றை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்ப்பார். நான் பார்க்க ஆசைப்பட்டால் சொல்லுவார்: “பார், ஆனா முகத்தத் தொடாத. போறப்ப கைய நல்லா கழுவு.”

பார்த்தேன். 0.358. அடுத்தது, 0.358. எங்கள் துறையில் ‘முடிந்தது’ என்று ஒன்று கிடையவே கிடையாது. இங்கே முள் ஒரு கோட்டில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான், முடிந்தது. அந்தச் சுகத்தை நான் மறைக்கப் போவதில்லை.

*

என் மனைவி ஒரு ராத்திரி கேட்டாள்: “அதெல்லாம் சரி. அந்தக் குண்டு எதுக்குன்னு கேட்டியா?”

“பேப்பர் டார்கெட்டுக்கு. சனிக்கிழமை கிளப்புக்குப் போய் சுடுவாரு.”

“பேப்பருக்குக் கண்டுபிடிச்ச துப்பாக்கியா அது?”

அவள் சொன்னதில் பிசகில்லை. .38 ஸ்பெஷலை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்தது 1898 வாக்கில். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு அமெரிக்கப் போலீஸின் இடுப்பில் இருந்தது அதுதான். பெரியவர் காகிதத்தைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் 0.358 என்ற அளவுக்கு அது தெரியாது. இங்கே நான் வாதம் எதையும் ஜெயிக்கப் பார்க்கவில்லை. கைவேலையின் அழகும் அது எதற்கான கைவேலை என்பதும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. இரண்டும் ஒரே மேசையில் கிடக்கின்றன.

எங்கள் வீட்டுப் பிரச்சினை துப்பாக்கி வழியாக வரவில்லை. ஈயம் வழியாக வந்தது.

பாப்பாவின் முதல் பிறந்தநாளை ஒட்டி வழக்கமான ரத்தப் பரிசோதனை. விரல் நுனியில் குத்தி ஒரு துளி. ஈய அளவு கூடுதலாகக் காட்டியது. விரலில் ஒட்டிய தூசிகூட அப்படிக் காட்டும் என்று நரம்பிலிருந்து எடுத்து மறுபடி பார்த்தார்கள். டெசிலிட்டருக்கு 5.2 மைக்ரோகிராம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குறிப்பு அளவை 5இலிருந்து 3.5ஆகக் குறைத்திருந்தது. 3.5க்குக் கீழே இருந்தால் பத்திரம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. வளரும் மூளை அதைக் கால்சியம் என்று நம்பி உள்ளே விடுகிறது.

டாக்டர் பதறவில்லை. மருந்து கொடுக்கும் அளவு இல்லை, எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நிறுத்துங்கள், மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்போம் என்றார். கையில் ஒரு கேள்வித்தாள். வீடு 1978க்கு முன்னால் கட்டியதா? (அந்த வருஷம்தான் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தார்கள்.) ஆமாம், 1950களின் வீடு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள், மசாலாப் பொடிகள்? ஆமாம். கண்மை? அம்மா கொடுத்தனுப்பிய டப்பா இருக்கிறது. வெளிநாட்டு உலோகப் பாத்திரங்கள்? ஆமாம், ஈயச்சொம்பு. வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது ஈயம் புழங்கும் வேலை, பொழுதுபோக்கு: தூண்டில் எடை செய்தல், வண்ணக் கண்ணாடி வேலை, துப்பாக்கி சுடுதல், குண்டு வார்த்தல்?

எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிட்டு இரண்டு பேரும் காரிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

*

ராத்திரி முழுக்க வாசித்தேன். உலையின் ஆவியைத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். உண்மையில் வார்க்கும் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகமிகக் குறைவு. அது கொதிப்பதற்கு 1749 டிகிரி வேண்டும். ஆபத்து தூசியில். உருகிய ஈயத்தின் மேல் படரும் கசடு, வழிக்கும்போது பொடியாகிறது. சுட்ட தோட்டாக்கூடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது கிளம்பும் புழுதியில், பிரைமரில் உள்ள ஈயச் சேர்மத்தின் மிச்சம் இருக்கிறது. காற்றோட்டமில்லாத சுடுகூடத்தில் ஒவ்வொரு சூட்டுக்கும் அது மூச்சில் போகிறது. கையில், சட்டையில், செருப்பில் ஒட்டி வீட்டுக்கு வருகிறது. தரையில் தவழ்ந்து, எதையும் வாயில் வைக்கிற ஒரு ஜீவனுக்கு அது போதும்.

பூச்சு குழலுக்குத்தான். குண்டைக் கையாளும்போது விரலில் ஈயம் படுவதைக் குறைக்கும், புகையைக் குறைக்கும். ஆனால் பூச்சுக்கு முந்தைய வேலைகள் எல்லாம் வெறும் ஈயம். மண்மேட்டில் மோதிய பிறகு தோல் கிழிந்து மறுபடியும் வெறும் ஈயம்.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. “ஏண்டா, அந்தச் சொம்புலதான் ரசம் வச்சு உன்ன வளத்தேன். உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

அம்மா சொம்பு வெள்ளீயம், பெரியவரின் உலையில் இருப்பது காரீயம். வெவ்வேறு தனிமங்கள். ஆனால் தமிழ் இரண்டையும் ஈயம் என்ற ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறது. தெருவில் ஈயம் பூச வருகிறவர் பித்தளையில் தேய்ப்பது வெள்ளீயம். பித்தளைக்கும் புளிக்கும் நடுவில் நிற்கும் தோல் அது. யோசித்தால் பெரியவர் செய்வதும் அதே காரியம்தான், திசை மட்டும் வேறு. இங்கே ஈயம் பூச்சு, அங்கே ஈயத்துக்குப் பூச்சு. சிக்கல் என்னவென்றால் காரீயம் மலிவு. கலப்படக்காரருக்கும் ஒரே சொல், ஒரே நிறம். சுத்த வெள்ளீயம் என்று விற்ற சொம்பில் காரீயம் இருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் சொம்பு எந்த ரகம்? தெரியாது. அலமாரியின் உச்சிக்குப் போனது.

அடுத்த நாள் பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பாப்பா அவர் மனைவியின் மடியில் வளர்கிறவள், சமையலறை முழுக்கத் தவழ்கிறவள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். முடிவில் எண்ணை மட்டும் சொன்னேன்.

பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. பிறகு, “நான் என் ரத்தத்தப் பாத்து பல வருஷம் ஆச்சு” என்றார்.

அந்த வாரமே போய்ப் பார்த்தார். 19. தூக்கிவாரிப் போடும் எண். அவருடைய மனைவி கராஜ் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதற்குத் தனிச் சட்டை, தனிச் செருப்பு, வாசலிலேயே கழற்ற வேண்டும் என்று சட்டம் போட்டார். கூடு சுத்தம் செய்வதை உலர்ந்த முறையிலிருந்து தண்ணீருக்கு மாற்றினார்கள். துடைப்பம் போய் ஈரத் துணி வந்தது. “நீங்க வீட்டுக்குள்ள செருப்பு போடாம இருக்கறது சரியான பழக்கம்” என்று அந்த அம்மா என் மனைவியிடம் சொன்னாராம். வருஷக்கணக்காக அதை ஏதோ மதச் சடங்கு என்று நினைத்திருக்கிறார்.

நாங்களும் எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் மாற்றினோம். பழைய ஜன்னல் சட்டங்களை ஈரத்துணியால் துடைத்து, உரியும் பெயின்ட்டை ஆள் வைத்து மூடினோம். மஞ்சள்தூள், கண்மை, சொம்பு மூன்றும் நின்றன. பாப்பா பக்கத்து வீட்டுக்குப் போவதும் நின்றது. அந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டமாக இருந்தது. பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைப்பார், இவள் இந்தப் பக்கம் நின்று அழுவாள்.

மூன்று மாதம் கழித்து 3.1. இன்னும் ஆறு மாதத்தில் 2க்குக் கீழே. ரத்தத்தில் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் போய் உட்கார்ந்தது பல வருஷம் இருக்கும்.

எங்கிருந்து வந்தது? தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. பிழை தேடும்போது ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஐந்தை ஒன்றாக மாற்றினால் பிழை போகும், காரணமும் அதோடு போய்விடும். நான் ஐந்தையும் ஒன்றாகத்தான் மாற்றினேன்; மறுபடி அந்த நிலை வந்தாலும் அப்படியே செய்வேன். ஒவ்வொன்றாக நிறுத்தி மூன்று மூன்று மாதம் காத்திருந்து பார்க்க, அது சர்வர் இல்லை. அதற்கு விலையாக, காரணம் ஐந்து இடத்தில் பங்கு போட்டுக் கிடக்கிறது. பெரியவர் அது தன்னால்தான் என்று நினைக்கிறார். அம்மா சொம்பினால்தான் என்று ராத்திரியில் தனியாக நினைத்துக்கொள்கிறாள் என்று தங்கை சொன்னாள். ஒருவேளை இரண்டு பேரும் இல்லை, 1950களில் யாரோ ஜன்னலுக்கு அடித்த வெள்ளைப் பெயின்ட்டாக இருக்கலாம். இதை இருவரிடமும் சொல்லியிருக்கிறேன். இருவரும் கேட்டுக்கொள்கிறார்கள், நம்புவதில்லை.

பெரியவர் வார்ப்பதை விடவில்லை. குறைத்துக்கொண்டார். அவருடைய எண்ணும் மெதுவாக இறங்குகிறது.

*

இந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய கணக்கு கண்ணில் பட்டது. 1776 ஜூலை 9ஆம் தேதி, சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்ட சூட்டோடு நியூயார்க்கில் ஒரு கூட்டம் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தது. பொன்முலாம் பூசிய ஈயச் சிலை. துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட்டில் லிட்ச்ஃபீல்ட் என்ற ஊருக்கு, பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஆலிவர் வோல்காட்டின் வீட்டுக்குப் போனது. அங்கே வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து உருக்கிக் குண்டு வார்த்தார்கள். யார் எத்தனை வார்த்தார்கள் என்ற பட்டியல் இன்றும் இருக்கிறது. ரூத் மார்வின் 11,592. வோல்காட்டின் மகள்கள் மேரி ஆன் 10,790, லாரா 8,378. மொத்தம் 42,088. நான் கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது.

மன்னரின் குதிரை மன்னரின் சிப்பாய்களுக்கே குண்டாகப் போன கதை என்று அமெரிக்காவில் இதைச் சிரிப்போடு சொல்வார்கள். நல்ல கதைதான். எனக்கு அந்தப் பட்டியலில் சிக்கிக்கொண்டது ஒரு சின்ன எண். ஃபிரெட்ரிக், 936. வோல்காட்டின் கடைசி மகன். வயது எட்டு.

எட்டு வயதுப் பையன் உருகிய ஈயத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அச்சைத் திறந்து, விரலால் தட்டி எடுத்து, எண்ணி எண்ணி 936 வரை போயிருக்கிறான். அக்காக்களுக்குப் பத்தாயிரம், தனக்கு ஆயிரம்கூட வரவில்லையே என்று அழுதானோ என்னவோ. நடுவில் பசித்திருக்கும். யாராவது ரொட்டி கொடுத்திருப்பார்கள். கை கழுவச் சொன்னார்களா என்று பட்டியலில் இல்லை.